மரியாதையாகப் பேசும் வீடுகள்

தையல்காரியின் புருஷன் போனில் “அவங்க” என்றான்.

வாசலக்கா போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள், வேறு யாருக்காவது போட்டுவிட்டோமோ என்று. அதே எண், அதே ஆள்தான். போன வாரம் வரை அவ எப்ப வருவா, அவ ஒழுங்கா மாத்திரை போடுறாளா, அங்கயும் எல்லாரையும் திட்டுறாளா என்று மூச்சுவிடாமல் கேட்டவன். இன்று யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறவன் மாதிரி நிதானமாக, “அவங்களுக்கு அங்கயே வசதியா இருக்கும்னா இருக்கட்டும்ங்க. நாங்க அவசரப்படுத்தலை” என்றான். அவன் பேச்சுக்குப் பின்னால் கொத்தனார் கரண்டி சுவரில் இழுபடுகிற சத்தம், சரக், சரக் என்று, அவசரமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் பூச்சு வேலை நடக்கிறதா என்று கேட்டாள். இல்லையே என்றான்.

தையல்காரியைச் சேர்த்திருந்த மனநல மருத்துவமனையில் அவள் சமூகப் பணியாளர். ஆட்களைச் சேர்ப்பதும் குணப்படுத்துவதும் டாக்டர்கள் பாடு. குணமானவர்களை வீடு சேர்ப்பது அவள் பாடு. வீடுகளுக்குப் போவாள், கெஞ்சுவாள், சண்டை போடுவாள், கடைசியில் ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் படியேற்றிவிட்டுத்தான் திரும்புவாள். எந்நேரமும் வாசலில் நின்று வழியனுப்பியதில் வாசலக்கா என்று பேர் வந்துவிட்டது. பெரிய டாக்டரே ஒருமுறை ஞாபகப்பிசகாக அப்படிக் கூப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெரிய டாக்டரிடம் கணினியில் ஒரு புது ஏற்பாடு இருந்தது. புதிதாகச் சேர்கிறவரின் வயது, நோய், முன்பு சேர்ந்த கதை, கூட வந்தவர்கள் யார் என்று தட்டினால் ஒரு வட்டம் வரும். பச்சை என்றால் சீக்கிரம் போய்விடுவார். சிவப்பு என்றால் நெடுநாள் தங்கிவிடுவார். முன்னாலேயே தெரிந்தால் முன்னாலேயே பாடுபடலாம் என்ற நல்ல எண்ணத்தில் வந்ததுதான் அது. ஆனால் வார்டில் இடம் போதவில்லை. எப்படியும் இருக்கப்போகிறவர்கள்தானே என்று, சிவப்பு விழுந்தவர்களைப் பின்கட்டுக்கு மாற்றும் வழக்கம் மெல்ல வந்துவிட்டது. பின்கட்டுக்குப் போனவர்களை வெளியே கொண்டுவருவது கிணற்றில் விழுந்த மோதிரத்தை எடுக்கிற வேலை. ஆள் மூச்சோடு இருக்கும்போதே பாடை கட்டுகிறீர்களே டாக்டர் என்று அவள் கூட்டத்தில் சொல்லியே இருக்கிறாள்.

தையல்காரிக்கு வந்தது மஞ்சள். வெள்ளிக்கிழமை ஆய்வுக் கூட்டத்தில் மஞ்சள் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். வீடு ஏற்றுக்கொண்டால் பச்சை, இல்லையென்றால் பின்கட்டு.

வாசலக்காவிடம் கணினி கணக்கு கிடையாது, காது இருந்தது. சனியன் எப்பத்தான் வந்து தொலையுமோ என்று திட்டுகிற வீட்டுக்கு ஆளைத் தைரியமாக அனுப்பலாம் என்பது அவள் அனுபவம். ‘அவ’ என்பது ‘அவங்க’ ஆனால்தான் ஆபத்து. உரிமை உள்ள இடத்தில் யாராவது மரியாதை பார்ப்பார்களா? மரியாதை விருந்தாளிக்கு, விருந்தாளிக்கு வீட்டில் சொந்தமாக மூலை கிடையாது. இதைச் சொன்னபோது பெரிய டாக்டர் சிரித்தார், ‘ங்க’வுக்கு எங்கள் கணினியில் இடமில்லையே அம்மா என்றார். சிரிக்கட்டும். அவள் காது சொன்னது அநேகமாகப் பலிக்கும். பலிக்க விடாமல் செய்வதற்குத்தான் அவள் சம்பளம் வாங்கினாள்.

அன்று சாயங்காலம் தையல்காரியைப் பார்க்க வார்டுக்குப் போனாள். கதவைத் தாண்டியதுமே பினாயில் நெடிக்கு அடியில் வேறொரு வாசம் தட்டுப்பட்டது. மெஷின் எண்ணெயும் கஞ்சி மொடமொடப்பு போகாத புதுத்துணியும் சூடான இஸ்திரியும் கலந்த தையல்கடை வாசம். கட்டிலை நெருங்க நெருங்க அது கூடிக்கொண்டே வந்தது. கட்டிலுக்குக் கீழே வெட்டு நூல்கள் சிதறிக் கிடந்தன. விரிப்பின் ஓரத்தில் நீலச் சாக்கட்டியால் வளைவாக ஒரு கோடு. எத்தனை தடவை கூட்டினாலும் நூல் வந்துகொண்டே இருக்கிறது என்று நர்ஸ் அலுத்துக்கொண்டாள். வார்டுக்குள் ஊசியோ நூலோ கொண்டுவர யாருக்கும் அனுமதி இல்லை.

தையல்காரி ஒல்லியாக, கூர்மையாக, ஊசி மாதிரியே இருந்தாள். வாயும் அப்படித்தான். வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் கிடந்து, தைக்கக் கொடுத்த துணியெல்லாம் தன்னை ஏசுவதாக நம்பி, ஒன்றுவிடாமல் கத்தரித்துப் போட்டவள். இப்போது தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், நர்சுகளின் சட்டை தைத்த லட்சணத்தைக் குறை சொல்கிறாள். நன்றாகவே இருக்கிறாள். ஆனால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த அவள் பாதங்கள் மட்டும் தரையில் மேலும் கீழும் மிதித்துக்கொண்டிருந்தன.

“என் மெஷின் ஓடுறது கேக்குதுக்கா,” என்றாள் தாழ்ந்த குரலில். “பழைய வியாதின்னு நினைச்சுடாதீங்க. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், அது தலைக்குள்ள கேக்கும். இது சுவத்துக்குள்ள கேக்குது.”

வாசலக்கா சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவளுக்கும் கேட்டுவிட்டது. கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்குள், வெகு தூரத்தில், மிதிபலகை ஏறி இறங்கும் சத்தம். டக்கடக் டக்கடக் டக்கடக். கொஞ்சம் நின்றது. யாரோ துணியைத் திருப்பி வைப்பது போல. பிறகு மறுபடி.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பின்கட்டு.

அவளுக்குப் பின்கட்டு புதிதல்ல. அங்கே ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் ஒரு வாசம் உண்டு. பேக்கரிக்காரர் பக்கம் புளித்த மாவு, லாரி டிரைவர் பக்கம் டீசல், டீச்சரம்மா பக்கம் சாக்பீஸ் தூள். சில மனிதர்கள் மேல் தொழில் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். அங்கே சுவரும் ஒரே நிறத்தில் இருக்காது. கொஞ்சம் சமையலறைப் பச்சை, கொஞ்சம் ரோஸ், அதில் பாதி கிழிந்த பூனைப்பட ஸ்டிக்கர். மிச்சமான பெயிண்டை அடித்துச் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். இன்று அந்தக் காரணங்கள் எதுவும் வாய்க்கு வரவில்லை. பயமாகத்தான் இருந்தது, பயத்தைவிட ஒரு படி கூடக் கோபமும் இருந்தது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள உன்னை வீட்டுல விடுறேன்,” என்றாள். “இல்லன்னா என் பேரை மாத்திக்கிறேன்.”

வெளியே வரும்போது வாசல் காவலர் வழக்கம்போல நாற்காலியில் இருந்தார். அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குப் போகிறவர்கள் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போறேன்’ என்பது அபசகுனம் என்றால், இங்கே ‘வரேன்’ என்பதுதான் அபசகுனம். நாக்குப் பழக்கத்தில் யாராவது சொல்லிவிட்டால் காவலர் கதவைத் திறக்காமல் நிறுத்தி, ‘போறேன்’ என்று திருத்திச் சொல்ல வைத்துத்தான் விடுவார். இந்த வழக்கத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்ததே வாசலக்காதான். ஆனால் தினமும் சாயங்காலம் அவரைத் தாண்டும்போது அவளே, “போயிட்டு வரேன் அண்ணே” என்பாள். வேலைக்கு வருகிறவள் நாளைக்கு வரத்தானே வேண்டும்.

“உங்க வாய் மட்டும் அடங்காதும்மா,” என்றார் அவர், அன்றும்.

மறுநாள் மதியம் தையல்காரியின் வீட்டுக்குப் போனாள். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. முன்னறை, அதன் பின்னால் தையல்காரியின் அறை, பக்கவாட்டில் சமையலறை. புருஷனும் அவன் அக்காவும் இருந்தார்கள். ஆளைச் சேர்த்த சமயத்தில் இவள் வந்தபோது இதே அக்காக்காரி, வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை, சட்டைக்குப் பொத்தான் வைக்க ஆளில்லை என்று மூக்கைச் சிந்தி அழுதவள். இன்று அழகாகச் சிரித்தாள். புதுக் கோப்பையில் தேநீர் வந்தது. அவங்க நல்லா இருக்காங்களா, அவங்களுக்கு ஏதாவது வேணுமா என்று விசாரித்தார்கள். யாரோ தூரத்து உறவைக் கேட்கிற மாதிரி.

தையல்காரியின் அறைக்குக் கதவு இருந்த இடத்தில் ஒரு பீரோ நின்றது.

அறையைப் பார்க்கலாமா என்றாள். எந்த அறை என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில், உண்மையாகவே தெரியாத முகத்தோடு. இந்த பீரோவுக்குப் பின்னால் ஒரு கதவு இருந்ததே, பச்சைத் திரை போட்டிருந்ததே என்றாள். இல்லைங்க, இது எப்பவும் பீரோ இருக்கிற இடம் என்றான் புருஷன். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குள், பீரோவின் தகரம் மெல்ல அதிர, டக்கடக் டக்கடக் என்று உள்ளேயிருந்து மெஷின் ஓடியது. இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்து தோளைக் கொடுத்து பீரோவைத் தள்ளினாள். அவர்கள் தடுக்கவில்லை, உதவிக்கும் வரவில்லை, பார்த்துப் பார்த்து என்று அக்காக்காரி அக்கறையாகச் சொன்னாள். பீரோ நகர்ந்தது. பின்னால் கதவு இருந்தது. அதே கதவு, அதே தாழ்ப்பாள். ஆனால் ஒருக்களித்தாலும் குழந்தைகூட நுழைய முடியாத அகலத்தில், மேலிருந்து கீழ்வரை இருபுறமும் யாரோ பிடித்து நெருக்கியது போல ஒடுங்கிப்போய் நின்றது. சுற்றிலும் சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. அவள் தொட்டாள். சுவர் அவள் விரலடியில் ஒரு நூலிழை நகர்ந்தது.

வீட்டைவிட்டு வந்து தெருவில் நின்றாள். ஓடிவிடலாம் என்று தோன்றியது. யாரிடம் சொல்வது? பெரிய டாக்டரிடம் சொன்னால் தன்னையே உட்காரவைத்து வட்டம் போட்டுவிடுவார். தெருக்குழாயில் முகத்தைக் கழுவினாள். ஒரு வீடு தன் மனுஷியை விழுங்கி ஏப்பம் விடப் பார்க்கிறது, அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போவதா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திட்டியதும் கொஞ்சம் தெம்பு வந்தது.

இரவு சாப்பாட்டின்போது மகள் தட்டைப் பார்த்தபடியே, “நீங்க சாப்பிட்டீங்களா?” என்றாள்.

அவளுக்குக் கை நின்றது. மகள் பிறந்ததிலிருந்து அம்மாவை நீ, வா, போ என்றுதான். கோபம் வந்தால் அதற்கும் கீழே. நாடகத்தில் நடிக்கப் போகிறாயா என்று கேட்டாள். மகள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். நல்ல பிள்ளையாக, வாயை மூடிக்கொண்டு. கணவன் குழம்புப் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். அவர்கள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். வாடா போடி என்றுதான் இத்தனை வருஷமும். போட்டுக்கோங்க, கூச்சப்படாதீங்க என்றான். கேலி பண்ணுகிறார்கள். தினமும் தாமதமாக வருவதற்குக் குத்திக்காட்டுகிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு படுத்தாள். அறை கொஞ்சம் சிறியதாகத் தெரிந்தது. கட்டிலிலிருந்து கைநீட்டினால் ஊதாச் சுவர் தட்டியது. அதில் மகள் வளர வளர உயரம் குறித்த பென்சில் கோடுகள். முன்பெல்லாம் எட்டாது.

காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, “கிளம்பிட்டேன்” என்று குரல் கொடுத்தாள். தினமும் அப்படித்தான், அவசரத்தில். போயிட்டு வரேன் என்று நின்று சொல்ல நேரம் ஏது. “நல்லதுங்க,” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அன்று வியாழக்கிழமை. பெரிய டாக்டரிடம் போய் ஒருநாள் சோதனை விடுப்புக்குக் கையெழுத்துக் கேட்டாள். வீட்டில் இஷ்டமில்லை என்கிறார்களே என்று அவர் இழுத்தார். இஷ்டமில்லை என்று யாரும் சொல்லவில்லை, மரியாதையாகப் பேசுகிறார்கள் அவ்வளவுதான் என்றாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் காவலர் முன்னால் தையல்காரியை நிறுத்தினாள். தையல்காரி, “போறேன்” என்று தெளிவாகச் சொன்னாள். காவலர் கதவைத் திறந்தார்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பீரோ இல்லை. கதவும் இல்லை. முன்னறையின் பின்பக்கம் முழுக்க ஒரே வெள்ளைச் சுவர், ஈரம் மின்னிக்கொண்டு. புருஷன் கையில் கரண்டியோடு நின்றான். விரல்களில் சாந்து காய்ந்திருந்தது. தன் கையில் அது ஏன் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாத மாதிரிப் பிடித்திருந்தான். தையல்காரியைப் பார்த்ததும் கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, “வாங்க வாங்க” என்றான். அக்காக்காரி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

தையல்காரி சுவரையே பார்த்தாள். தோள் சரிந்தது. வந்த வழியே திரும்பிப் பார்த்தாள். வாசலக்கா அவள் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு காதோரம் சொன்னாள், உட்காராதே, உட்கார்ந்தால் விருந்தாளி ஆகிவிடுவாய், வாயைத் திற, அந்த வாய் எதற்கு இருக்கிறது.

சுவருக்குள் மெஷின் ஓடியது. மெல்ல. இன்னும் மெல்ல. நிற்கப்போகிறது.

“டேய்,” என்றாள் தையல்காரி.

புருஷன் கண்ணிமைத்தான்.

“யாரைடா வாங்கங்கிற? தெருவுல போறவளையா? கட்டின பொண்டாட்டிக்கு நாக்காலி போடுறீங்களாடா அக்காளும் தம்பியும்? நீ போட்டிருக்கிற சட்டை நான் தச்சது. காலர் கோணின்னு நீ மூணு நாள் மூஞ்சைத் தூக்கிவச்ச சட்டை. என் மெஷின் எங்கடா?”

அவள் நிறுத்தவில்லை. அவன் சோம்பேறித்தனம், அவன் அக்காவின் இனிப்புத் திருட்டு, நடுஇரவில் விளக்கைப் போடும் புத்தி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு உலுக்கினாள். வாசலக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரப்பூச்சில் முடி அளவுக்கு ஒரு கீறல் விழுந்தது. தையல்காரியின் குரல் உயர உயரக் கீறல் இறங்கிக்கொண்டே வந்தது. புருஷனின் முகத்திலும் என்னவோ உதிர்ந்தது. “ஏன்டி வந்ததும் வராததுமா கத்துற,” என்றான் அவன், எரிச்சலாக, அழுகிற குரலில். “நீ இல்லாம நாங்க படுற பாடு உனக்கென்ன தெரியும்.”

பாளம் பாளமாகப் பூச்சு விழுந்தது. தூசிக்குள் பச்சைத் திரை தெரிந்தது.

தையல்காரி முன்னால் பாய்ந்து திரையை விலக்கி உள்ளே போனாள். மெஷின்மேல் தலையை வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். அக்காக்காரி, மூதேவி, வீடெல்லாம் மண்ணாக்கிவிட்டாளே என்று முனகியபடி துடைப்பத்தைத் தேடினாள். அதைவிட இனிமையான வார்த்தையை வாசலக்கா கேட்டதில்லை.

தெருமுனையிலிருந்து வார்டுக்குப் போன் போட்டாள், பச்சை என்று எழுதிக்கொள்ளச் சொல்ல. நர்சுக்குச் சந்தோஷம். கட்டில் பக்கம் இப்போது வாசமே இல்லையாம், நூலும் இல்லையாம். பிறகு அவள் வேறொன்று சொன்னாள்.

“பின்கட்டுல புதுசா ஒரு சுவருக்குப் பெயிண்ட் அடிச்சிருக்காங்கக்கா. ஊதா கலரு. யாரு அடிச்சாங்கன்னே தெரியல. பென்சில்ல கோடு கோடா போட்டிருக்கு, பிள்ளைங்க உயரம் பார்ப்பாங்களே, அது மாதிரி.”

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. பொழுது சாய்ந்து தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. பக்கத்து வீட்டில் யாரோ குழந்தையை அதட்டினார்கள், எங்கோ குக்கர் விசிலடித்தது, எல்லாம் இருக்கிறபடி இருந்தது. அவள் சாவி பூட்டில் திரும்பவில்லை. கதவைத் தட்டினாள்.

கணவன் திறந்தான். முகத்தில் அந்தச் சிரிப்பு. ஒதுங்கி வழிவிட்டு, வாங்க, உட்காருங்க என்றான். மகள் தட்டில் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள், விருந்தாளிகளுக்கென்று அலமாரியில் இருக்கும் கண்ணாடி டம்ளரில். வீட்டுக்குள் ஈரச் சுண்ணாம்பு நெடி.

அவள் உட்காரவில்லை. “டேய்,” என்றாள். மருந்து அவளுக்குத் தெரியும், சற்றுமுன் கண்ணால் பார்த்த மருந்து. கட்டிலில் ஈரத்துண்டைப் போடுவதிலிருந்து ஆரம்பித்தாள். அவன் குறட்டை, அவன் மறதி, சொந்தக் கல்யாணத்துக்கு வழிதவறித் தாமதமாக வந்து நின்ற லட்சணம், எல்லாவற்றையும் எடுத்துப் போட்டாள். மகளை, “ஏய், உன்னைத்தான்டி, என்னைப் பாரு” என்றாள்.

“பரவாயில்லைங்க,” என்றான் கணவன். “நிதானமாப் பேசலாம்.”

“யாருப்பா இவங்க?” என்றாள் மகள் மெதுவாக. “பாவம்.”

தன் அறை இருந்த பக்கம் ஓடினாள். சுவர். வெள்ளையாக, ஈரமாக, ஒரு கீறல் இல்லாமல். காதை வைத்துக் கேட்டாள். உள்ளே அவளுடைய மின்விசிறி, ஒரு சுற்றுக்கு ஒருமுறை டிக் என்று தட்டுகிற அதே மின்விசிறி, ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரி வீட்டில் பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? தையல்காரி ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் என்ன சொன்னேன்? தினமும் அங்கே என்ன சொன்னேன், இங்கே என்ன சொன்னேன்?

தெரிந்துவிட்டது. அங்கே ‘வரேன்’, இங்கே வெறும் ‘கிளம்பிட்டேன்’.

சாவியை எடுத்துச் சுவரைக் குத்தினாள். பூச்சு மாவு மாதிரி உதிர்ந்தது. குத்தினாள். தோண்டினாள். நகம் பிய்ந்தது. ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதன் வழியே பினாயில் நெடி முகத்தில் அடித்தது.

கண்ணை வைத்துப் பார்த்தாள்.

ஊதாச் சுவர். பென்சில் கோடுகள். அதை ஒட்டி ஒரு காலிக் கட்டில். மேலே அவள் வீட்டு விரிப்பு, இஸ்திரி சுட்ட தழும்போடு, சுருக்கமில்லாமல் இழுத்து விரித்து. அதற்கு அப்பால் வரிசையாகக் கட்டில்கள். மங்கிய விளக்கு. பேக்கரிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். லாரி டிரைவர். டீச்சரம்மா. அவள் அனுப்ப முடியாமல் போனவர்கள், ஒவ்வொருவராக. எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். வாம்மா, வாக்கா என்று உரிமையோடு கூப்பிட்டவர்கள்தான்.

“வாங்க,” என்றார்கள்.

ஓட்டைக்குள் கையைத் திணித்து அடைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை அவள் கையைப் பிடித்தது. முரட்டுப்பிடி இல்லை. வாசல் வரை வந்து விருந்தாளியை அழைத்துப்போகிற பிடி. இதமானது. விடவில்லை.

“வரேன்னு சொல்லிட்டுத்தானே போனீங்க,” என்றது டீச்சரம்மாவின் குரல்.

இழுத்தாள். முழங்கைவரை ஈரச் சாந்து சில்லென்று கவ்வியது. செருப்பை உதறிவிட்டு இரண்டு பாதங்களையும் சுவரடியில் ஊன்றினாள். பின்னால் மகள் உதிர்ந்த மண்ணைப் பொறுமையாகக் கூட்டி அள்ளுகிற சத்தம். அப்புறம் இன்னொரு சத்தம். சரக். சரக்.

கணவன் அவள் பக்கத்தில் வந்து மண்டியிட்டான். கையில் கரண்டி. கரண்டியில் சாந்து.

“தப்பா நினைக்காதீங்க,” என்றான். “கையைக் கொஞ்சம் அசைக்காம வச்சுக்கிறீங்களா?”

“வரமாட்டேன்,” என்றாள் அவள், சுவரைப் பார்த்து.

சரக்.

“வரமாட்டேன்டா.”

சாந்து முழங்கையைச் சுற்றி வெள்ளையாக இறுக ஆரம்பித்திருந்தது. அவள் இழுப்பதை நிறுத்தவில்லை.